முதலில் தண்ணீரைப் பாருங்கள்

துணி டயப்பர் வாங்கப்போகிறோம், எந்த வகை நல்லது என்று இளம் தாய்மார்கள் என்னிடம் கேட்பதுண்டு. "உங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்குமா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அடுத்து, ஐப்பசி மழையில் துணியை எங்கே காயப்போடுவீர்கள் என்பேன். மூன்றாவது கேள்வி கொஞ்சம் சங்கடமானது: யார் துவைக்கப்போகிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் கடையில் எதை எடுப்பது என்பது பெரிய விஷயமே இல்லை. பதில் இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இரண்டாம் மாதம் அது பரணில் ஏறிவிடும்.

நான் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். பெற்ற பிள்ளைகளைக் கிழித்த வேட்டியில் வளர்த்தேன். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தபோது பேரனுக்காகப் புதுவகைத் துணி டயப்பர்களையும் கையாண்டேன். இரண்டு காலத்தையும் பார்த்தவள் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள். குடிப்பதற்கு அப்படி ஒரு தண்ணீர். ஆனால் துவைப்பதற்குச் செட்டிநாட்டில் பெரும்பாலும் அவரவர் வீட்டுக் கிணறும் ஆழ்குழாயும்தான். ஒரு வீட்டில் சோப்பு பொங்கும். அடுத்த வீட்டில் வாளியின் அடியில் வெள்ளை படியும். நாங்கள் இருப்பது பள்ளத்தூர்ப் பக்கம். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் கடினமானது.

கடினத் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் இருக்கின்றன. சோப்போடு சேர்ந்ததும் அவை கரையாத ஒரு பிசுக்காக மாறித் துணியின் இழைகளுக்குள் ஒட்டிக்கொள்கின்றன. அலச அலசப் போகாது. துணி விறைக்கும், உறிஞ்சும் திறன் குறையும், சிறுநீரின் மிச்சம் உள்ளே தங்கும். காய்ந்தபோது வாடையே இராது. குழந்தை மறுபடி நனைத்ததும் மூக்கில் அம்மோனியா ஏறும். துணி மட்டம் என்று நினைத்து வேறொன்று வாங்குவார்கள். அதுவும் இதே தண்ணீருக்குத்தான் போகிறது.

சோதிப்பது எளிது. மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் பாதித் தண்ணீர் விட்டுக் கொஞ்சம் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். மேலே நுரை நின்று கீழே தண்ணீர் தெளிவாக இருந்தால் கவலையில்லை. நுரை எழாமல் பால்போல் கலங்கித் திரிதிரியாக மிதந்தால், கட்டி சோப்பை ஒதுக்கிவிட்டுச் சலவைத் தூளுக்கு மாறுங்கள். அதோடு சலவைச் சோடா கொஞ்சம் சேருங்கள். சோடா அந்த உப்புகளைப் பிரித்துவிடும். எங்கள் பழைய வீட்டில் ஓட்டுச் சரிவில் இறங்கும் மழையை வளவு என்னும் நடு முற்றத்தில் அண்டா வைத்துப் பிடிப்பது வழக்கம். பேரன் புரட்டாசியில் பிறந்தான். தொடர்ந்து வந்த மழைக்காலம் முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் அவன் துணிகளுக்குக் கடைசி அலசல். மழைத்தண்ணீரைவிட மென்மையான தண்ணீர் கிடையாது.

துணியை மெத்தென்று ஆக்கும் என்று கடையில் விற்கிறார்களே, அந்தத் திரவத்தை மட்டும் குழந்தைத் துணியில் ஊற்றாதீர்கள். அது இழையின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து ஈரத்தை உள்ளே விடாமல் தடுக்கும். கஞ்சியும் கூடாது. நம் பக்கத்து வேட்டிகள் கஞ்சியில் முறுக்கேறி நிற்பவை. கிழிப்பதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்து, அலசுகிற தண்ணீரில் வழவழப்பு போகும்வரை அலச வேண்டும்.

இனி வகைகள். பழைய முறையில் ஒற்றைச் சதுரத் துணி, மடித்துக் கட்டுவது. அதையே பல அடுக்காகத் தைத்து விற்பது ஒன்று. வெளியே நீர்புகாத உறையும் உள்ளே பையும் வைத்து, பைக்குள் இன்சர்ட் என்னும் உறிஞ்சுபட்டையைச் செருகுவது பாக்கெட் டயப்பர். எல்லாம் ஒன்றாகத் தைக்கப்பட்டது ஆல் இன் ஒன். இவற்றில் கடைசி வகையைக் கட்டுவது எளிது, காய்வதுதான் பெரும்பாடு. கார்த்திகை அடைமழையில் தடித்த அடுக்குகளுக்குள் ஈரம் ஒரு நாள் போனாலும் நிற்கும். முகர்ந்தால் பூஞ்சை மணம் வரும். ஒற்றைத் துணியோ வளவைச் சுற்றிய தாழ்வாரப் பத்தியில் கொடி கட்டிப் போட்டாலே சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். சித்திரை வெயிலில் எதுவும் காயும். ஐப்பசியில் எது காய்கிறதோ அதுதான் நல்ல டயப்பர்.

எனவே என் தேர்வு பருத்திச் சதுரமும் அதன் மேல் நீர்புகாத கவரும். முழுநேரமும் துணியே என்றால் பச்சைக் குழந்தைக்குச் சதுரங்கள் இரண்டு டஜனுக்குக் குறையாமலும் கவர்கள் அரை டஜனும் வேண்டும். கவர் நனையாவிட்டால் துடைத்து மறுபடி போடலாம். இந்தக் கவர் என்ற யோசனைக்கு மரியான் டோனவன் என்ற அமெரிக்கத் தாய்க்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். 1946-இல் குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தையல் இயந்திரத்தில் வைத்து அவர் தைத்துப் பார்த்தார். அன்று புழக்கத்தில் இருந்த ரப்பர் ஜட்டி குழந்தையின் தோலைப் புண்ணாக்கியது, ஊக்கு குத்தியது. அவர் காற்றுப் போகும் நைலான் துணிக்கு மாறி, ஊக்குக்குப் பதிலாகப் பிரஸ் பட்டன் வைத்தார். இன்று நாம் வாங்கும் கவர், பாலியஸ்டர் துணியின் மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது. ஒரு எச்சரிக்கை: இந்தப் படலத்துக்கு நம் உச்சி வெயில் ஆகாது. சதுரத் துணியை வெயிலில் போடுங்கள், கவரை நிழலில் போடுங்கள். கொதிநீரிலும் கவரை முக்காதீர்கள். படலம் உரிந்து ஒழுக ஆரம்பிக்கும்.

மைக்ரோஃபைபர் என்ற செயற்கை இழை இன்சர்ட் வேகமாக உறிஞ்சும், மலிவு. ஆனால் அது தோலிலுள்ள ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். குழந்தையின் உடம்பில் நேராகப் படக் கூடாது, பைக்குள்தான் இருக்க வேண்டும். மூங்கில் துணி என்று பச்சை இலைப் படம் போட்டு விற்பது பெரும்பாலும் மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து எடுத்த விஸ்கோஸ். நன்றாக உறிஞ்சும், வாங்கலாம். இயற்கை என்ற ஒரே காரணத்துக்காக இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். புதுப் பருத்தி எதுவானாலும் முதலில் பலமுறை வெந்நீரில் துவைத்த பிறகே பயன்படுத்துங்கள். பஞ்சிலேயே இருக்கும் எண்ணெயும் மெழுகும் போனால்தான் அது ஈரத்தை வாங்கும்.

துவைத்துத் துவைத்து நைந்த வேட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்கு ஈடான துணியைக் கடையில் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வேட்டி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நான் மிகவும் கண்டிப்பாக இருக்கிறேன்.

செட்டிநாட்டு வீடுகளில் பழந்துணிக்குப் பஞ்சமில்லை. தேக்குப் பீரோ, டிரங்குப் பெட்டி, வளவைச் சுற்றிய பூட்டிய அறைகள் என்று எங்கே திறந்தாலும் யாரோ உடுத்தி மடித்து வைத்த துணி இருக்கும். கூடவே அந்துருண்டையும் இருக்கும். எங்கள் மாமியார், என் மகளுக்கு அப்பத்தா, கொள்ளுப் பேரனுக்காகத் தன் பெட்டியைத் திறந்து மாமனாரின் மல் வேட்டிகளை எடுத்து வந்தார். அத்தனை மெல்லிய நூல்! எத்தனை ஆண்டுகள் யாருக்கும் தராமல் வைத்திருந்தாரோ. அறை முழுவதும் அந்துருண்டையின் நாப்தலின் மணம். "அயித்தை, இது வேண்டாம்" என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

காரணத்தை உட்கார்ந்து சொன்னேன். சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். பரம்பரையாக வருவது, ஆண் குழந்தைகளிடம் அதிகம். பார்த்தால் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாப்தலின் ஏறிய துணியில் கிடந்தால், மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் அது உள்ளே போய்ச் சிவப்பணுக்களை உடைக்கும். மஞ்சள் காமாலை கடுமையாகி மூளையைத் தாக்கும் அளவுக்குப் போகலாம். உடம்பில் எண்ணெய் தேய்த்திருந்தால் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும்; நம் வீடுகளில் எண்ணெய் தேய்க்காத பச்சைக் குழந்தை ஏது? மருத்துவ நூல்களில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. துவைத்துவிட்டால் போகாதா என்று அயித்தை கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் எத்தனை துவைப்பில் முழுவதும் போகும் என்று பார்க்கக் குழந்தையின் தோலையா உரைகல்லாக வைப்பது? அந்துருண்டை வாடை பிடித்த துணி, போர்வை, தொட்டில் சேலை எதுவும் பிறந்த குழந்தையின் பக்கத்தில் வரக் கூடாது. இந்தக் கட்டுரையில் இதை ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் எனக்குப் போதும்.

பிறகு என் கணவர் அன்றாடம் உடுத்தும் வேட்டிகள் வெட்டுக்கு வந்தன. கிழிப்பதில் அயித்தைக்கு நிகர் யாருமில்லை. கரையை முதலில் எடுத்துவிட்டார். கரை கெட்டியான நெசவு, இடுப்பில் அறுக்கும். ஓரத்தில் ஒரு வெட்டு வைத்து இழுத்தார். நூல் பிசகாமல் நேராகப் பிரிந்தது. அவர் காலத்தில் அதோடு விட்டுவிடுவார்கள். நான் தையல்காரரிடம் கொடுத்து எல்லா ஓரத்தையும் மடித்துத் தைக்கச் சொன்னேன். பிரிந்த நூல் குழந்தையின் கால்விரலிலோ ஆண்குறியிலோ சுற்றிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுபோகும். காரணமே தெரியாமல் குழந்தை வீறிட்டு அழுதால் விரல்களைப் பாருங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

பழைய கண்டாங்கிச் சேலையை ஏணை என்னும் தூளி கட்டப் பயன்படுத்தினோம். புதிதில் முரடாக இருந்தாலும் உழைத்த கண்டாங்கிக்கு ஒரு குளிர்ச்சி உண்டு. 2019-இல் காரைக்குடிக் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் டயப்பருக்கு அது ஆகாது, கனம் அதிகம்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். "அந்தக் காலத்தில் எல்லாம் துணிதானே, யார் டயப்பர் வாங்கினார்கள்?" என்று பெருமூச்சு விடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் பிள்ளைபெற்ற அறையிலிருந்து வந்த துணிகளை யார் துவைத்தார்கள்? வண்ணார் வீட்டுப் பெண்கள் துவைத்தார்கள். தீட்டுத் துணி என்று தொடக்கூட மாட்டாதவர்கள் அதை அவர்கள் தலையில் ஏற்றினார்கள். கூலி என்பது அறுவடைக்கு நெல், மாலையில் வீடு வீடாக வாங்கும் சோறு. எங்கள் ஆத்தா வீட்டுக்கு வந்தவர் ஆத்தாவைவிட வயதில் மூத்தவர். வீட்டுச் சிறுவர்கள்கூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அவர் கைகள் உவர்மண்ணிலும் வெந்நீரிலும் வெந்து வெளுத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த உழைப்பை மறைத்துவிட்டுப் பழைய முறையின் மேன்மையைப் பேசுவது அநியாயம்.

ஆகவே எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் குழந்தையின் துணியைக் கொடுப்பதில்லை. நான் துவைப்பேன், என் கணவர் காயப்போட்டு மடிப்பார், மாப்பிள்ளை வந்திருக்கும் நாட்களில் அவர் துவைப்பார். மாமியார் வீட்டில் மாப்பிள்ளை பீத்துணி அலசுவதா என்று உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்றே கேட்டார். "என் பிள்ளை துணிதானே, அயித்தை தனியாக எத்தனை துவைப்பார்கள்?" என்று மாப்பிள்ளை என்னைக் காட்டிச் சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார். பிரசவித்த பெண்ணின் தலையில் இந்த வேலை விழும் என்றால், துணி டயப்பரே வேண்டாம் என்பேன் நான். தையல் ஆறாத உடம்போடு அவள் குனிந்து துவைத்துத்தான் ஒரு குழந்தை வளர வேண்டும் என்பதில்லை.

துவைக்கும் முறையில் பெரிய இரகசியம் கிடையாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் மலம் தண்ணீரில் கரையும், அலசினால் போய்விடும். ஆறு மாதத்துக்குப் பிறகு சோறு, பருப்பு என்று ஆரம்பித்ததும் முதலில் கழிப்பறையில் தட்டிவிட வேண்டும். பச்சைத் தண்ணீரில் ஓர் அலசல். வெந்நீரை முதலிலேயே ஊற்றினால் கறை பிடித்துக்கொள்ளும். பிறகு சூடான தண்ணீரில் சலவைத் தூள் போட்டு ஒரு துவைப்பு, நுரை போகும்வரை அலசல். மஞ்சள் கறை நின்றால் ஈரத்தோடு வெயிலில் விரியுங்கள், வெளுத்துவிடும். வாளியில் நாள்கணக்கில் ஊறவைக்காதீர்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தண்ணீர் நிறைந்த வாளி உயிருக்கே ஆபத்து. அழுக்குத் துணியை உலர்ந்த கூடையில் போட்டு மறுநாள் காலையில் துவைத்துவிடுங்கள்.

துணியில் எனக்குப் பிடித்த ஒரு நன்மை உண்டு. மகளுக்கு முதல் வாரத்தில், பால் போதவில்லையோ என்ற பயம். எல்லாத் தாய்மாருக்கும் வருவதுதான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு துணிக்குக் குறையாமல் நன்றாக நனைந்தால் பால் போதிய அளவில் போகிறது என்பது பொதுவான கணக்கு. கொடியில் தொங்கும் துணிகளைக் காட்டி, "எண்ணிப் பார், தாயீ" என்றேன். ஜெல்லாக உறிஞ்சிக்கொள்ளும் டயப்பரில் இத்தனை தெளிவாகத் தெரியாது.

தொப்புள்கொடி விழும்வரை முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். கால்களைச் சேர்த்து நீட்டி இறுக்கிச் சுற்றாதீர்கள். தவளைபோல் விரிந்து மடங்கியிருப்பதுதான் இடுப்பு மூட்டுக்கு நல்லது. பகலில் இரண்டு, மூன்று மணிக்கு ஒருமுறை, மலம் கழித்தால் உடனே மாற்றுங்கள். தோல் சிவந்தால் கொஞ்ச நேரம் வெறும் உடம்பாகக் கிடக்கவிடுங்கள். மடிப்புகளுக்குள் செக்கச்செவேல் என்று சிவந்து, சுற்றிலும் புள்ளி புள்ளியாகப் பரவினால் அது பூஞ்சைத் தொற்று. வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முகப்பவுடரைத் தூவாதீர்கள், அந்தத் தூள் குழந்தையின் நுரையீரலுக்குப் போகும்.

ஒருமுறை போட்டு எறியும் கடை டயப்பரை நான் எதிரியாக நினைக்கவில்லை. மகள் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குக் கிளம்பியபோது நானே அதைப் பையில் வைத்தேன். ரயிலில் ஈரத்துணியை எங்கே வைப்பாள்? என் கோபமெல்லாம் அதைப் போடும் இடத்தைப் பற்றியது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய டயப்பரைச் சுற்றித் தனியாகக் கொடுக்கச் சொல்கின்றன. ஆனால் ஊருணிக் கரையிலும் ஆளில்லாத பங்களாக்களின் பின்கட்டிலும் அது உப்பிக் கிடப்பதைப் பார்க்கிறேன். நம் முன்னோர் ஓடையும் வாரியும் வெட்டி மழையைக் கொண்டுவந்து நிரப்பிய ஊருணிகள் அவை. மனம் பொறுக்கவில்லை.

துணியென்றால் தானாகவே பூமிக்கு நல்லது என்றும் நான் சொல்ல மாட்டேன். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் ஒரு கணக்குப் போட்டது. இரண்டரை ஆண்டுக்குக் கடை டயப்பரால் உண்டாகும் கரியமில வாயு சுமார் 550 கிலோ. அங்குள்ள சராசரி வழக்கப்படி துவைத்த துணியால் 570 கிலோ. துணி தோற்றுவிட்டது. ஆனால் உலர்த்தும் இயந்திரத்தை விட்டு வெளியில் காயவைத்து, இயந்திரம் நிறையத் துணி சேர்ந்த பிறகு துவைத்து, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் அந்த 570-இல் சுமார் 200 கிலோ மிச்சமாகிறது. முற்றத்துக்கே வெயில் இறங்குகிற ஊரில் இருக்கும் நமக்கு இதில் பாதி இலவசமாகக் கிடைத்திருக்கிறது.

சென்னையில் மகளுக்கு வளவும் இல்லை, கொடி கட்டப் பத்தியும் இல்லை. ஒரு சின்ன பால்கனி, ஒரு துவைக்கும் இயந்திரம். வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தையைக் காப்பகத்தில் விடுகிறாள். அங்குள்ளவர்களுக்குச் சதுரத்தை மடிக்க நேரமில்லை. அதனால் காப்பகத்துக்குப் பாக்கெட் டயப்பர், இன்சர்ட்டை இரவே செருகி அடுக்கிக் கொடுக்கிறாள். வீட்டில் தாத்தா வேட்டிச் சதுரம். இரவு முழுவதும் குழந்தை தூங்க வேண்டும் என்பதால் அப்போது மட்டும் கடை டயப்பர். மாநகராட்சித் தண்ணீர் வரும் நாளும் லாரித் தண்ணீர் வரும் நாளும் வேறு வேறு என்பதால், பாட்டிலில் சோப்பைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் சோடாவை அளக்கிறாளாம்.